மூடாமல் போன குழிகள்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். மலைக்குக் கேடு வராமல் கனிமம் எடுக்க அரசாங்கம் என்ன விதிகள் வைத்திருக்கிறது, அவை போதுமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நீலகிரியின் மேற்கு ஓரத்தில் இருக்கிற எங்கள் பந்தலூர்ப் பக்கத்தைச் சொல்லாமல் எனக்கு இதைப் பேச வராது.

கூடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் நாடுகாணி தாண்டி தேவாலாவைக் கடப்பீர்கள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தேயிலைதான் தெரியும். அந்த மண்ணுக்குள் தங்கச் சுரங்கங்கள் இருக்கின்றன. வெங்கச்சங்கல்லில், அதாவது குவார்ட்ஸ் என்கிற வெள்ளைக் கல்லில், பொன் இழையோடுவது இங்கே பழைய காலத்திலேயே தெரிந்த விஷயம். 1879-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலாளராக இருந்த பிரஃப் ஸ்மித் என்பவரை வெள்ளைக்கார அரசாங்கம் வரவழைத்து ஆராயச் சொன்னது. அவருடைய அறிக்கை வந்ததும் லண்டனில் பங்கு விற்பனை சூடுபிடித்தது. கம்பெனி மேல் கம்பெனி முளைத்தது, கடல் தாண்டி இயந்திரம் வந்தது, மலையைக் குடைந்தார்கள். கல்லை நொறுக்கிப் பார்த்தால் கிடைத்த பொன் செலவுக்குக் காணவில்லை. சில வருஷங்களில் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

போனவர்கள் குழியை மூடவில்லை. இதைத்தான் நான் எங்கே போனாலும் சொல்கிறேன், இன்றைக்கும் சொல்கிறேன்: குழியை மூடவில்லை. கையில் வேலை இல்லாதபோது அந்தப் பழைய குழிகளுக்குள் இன்றும் ஆட்கள் ரகசியமாக இறங்குகிறார்கள். மண் சரிந்து உள்ளேயே செத்தவர்கள் உண்டு. போலீஸ் வழக்குப் போடுகிறது, மறுபடியும் இறங்குகிறார்கள். அவர்களைத் திருடர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

வாடகைக்கு வீடு விடுகிறவர் அட்வான்ஸ் வாங்காமல் சாவியைக் கொடுப்பாரா? மலையை மட்டும் அப்படித்தான் கொடுத்தார்கள். நம்முடைய சுரங்கச் சட்டம் 1957-ஆம் வருஷத்தது. ஆனால் சுரங்கத்தை எப்படி மூடுவோம் என்ற திட்டம் வேண்டும் என்று கட்டாயமாக்கியது 2003-ல்தான். இப்போது இரும்பு, சுண்ணாம்புக்கல் போன்ற பெரிய கனிமங்களுக்கு, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று உத்தரவாதத் தொகையும் உண்டு. 2020-ல் உச்ச நீதிமன்றம், தோண்டிய இடத்தில் மறுபடி புல் முளைக்க வைத்து, தீவனமும் செடிகொடியும் வளரும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகையிலேயே சேர்க்கச் சொன்னது. நல்ல உத்தரவு. சோலையும் புல்வெளியும் சேர்ந்த மலையில் இருக்கிற நமக்குப் புல் நின்றால்தான் ஓடையில் தண்ணீர் நிற்கும் என்று தெரியும். பந்தலூர்ச் சரிவில் இறங்கும் ஓடைகள் கேரளத்துச் சாலியாற்றில் போய்ச் சேருகின்றன. இங்கே மண் கலங்கினால் நிலம்பூரில் தெரியும்.

கல் குவாரி போன்ற சிறு கனிமங்கள் மாநில அரசின் கையில். நம் மாநிலத்தில் 1959-ஆம் வருஷத்து விதிகள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது. 2021 நவம்பரில் இன்னொன்று சேர்த்தார்கள். தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு, இவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தோண்டக் கூடாது. சந்தோஷப்பட்டோம். அடுத்த வருஷம் டிசம்பரிலேயே அந்தப் பட்டியலிலிருந்து காப்புக்காட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். யானைக்குக் காப்புக்காடு வேறு, சரணாலயம் வேறு என்று தெரியாது. மலையோரத்தில் வெடி வைத்தால் அதிர்வு காட்டின் பெயரைப் பார்த்து நிற்காது. எடுத்ததைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கிராம சபையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 2015 சட்டத் திருத்தத்தில் மாவட்டக் கனிம அறக்கட்டளை வந்தது. குத்தகைக்காரர் அரசுக்குக் கட்டும் ராயல்டிக்கு மேல் ஒரு பங்கு கட்ட வேண்டும், பாதிக்கப்பட்ட ஊருக்கு அது செலவாக வேண்டும். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னே மூட்டை கட்டியவர்களிடம் யார் போய்ப் பங்கு கேட்பது? தேவாலாவின் பழைய குழிகளை அடையாளம் கண்டு மூட அரசாங்கம்தான் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்து நேயர்கள் கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். வணக்கம்.