பாடு முறையும் முகத்துவாரமும்: பழவேற்காட்டுக் கரையிலிருந்து

வணக்கம் நண்பர்களே. திருவள்ளூர் மாவட்டத்தில், பழவேற்காடு ஊரையும் லைட் ஹவுஸ் குப்பத்தையும் இணைக்கும் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு பேசுகிறேன். காற்று பலமாக வீசுகிறது. இடையிடையே இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வடக்கே ஏரி விரிந்து கிடக்கிறது. தெற்கே அதே நீர் ஒடுங்கி, பக்கிங்காம் கால்வாயாக எண்ணூர்ப் பக்கம் போகிறது. கிழக்கே தெரியும் மணல் திட்டுக்கு அப்பால்தான் வங்காள விரிகுடா.

இந்த இடத்தைக் காட்டும் காணொளிகள் பலவற்றில் ‘ஆள் அரவமற்ற அமைதி’ என்ற வர்ணனை தவறாமல் வந்துவிடுகிறது. அமைதி உண்மைதான். ஆனால் கேமராவை மெல்லத் திருப்புகிறேன், நீரில் என்ன தெரிகிறது என்று பாருங்கள்: தொலைவில் வரிசையாக ஊன்றப்பட்ட குச்சிகள், அவற்றைச் சுற்றிக் கட்டிய வலை, அதற்கு இந்தப் பக்கம் இடுப்பளவு நீரில் இறங்கி நிற்கும் இருவர், கோல் ஊன்றித் தள்ளப்படும் ஒரு சிறு படகு. வெறும் நீர்ப்பரப்பாகத் தோன்றும் இதில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்பது முன்கூட்டியே பேசி முடிவு செய்யப்பட்டிருக்கிறது. ‘பாடு’ எனப்படும் அந்த ஏற்பாட்டைப் பற்றிச் சொல்வதற்காகவே இன்று இங்கே வந்திருக்கிறேன்.

முதலில் ஏரியைப் பற்றிச் சில செய்திகள். இந்திய உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். தெற்கு வடக்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம் கொண்ட இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்முனை மட்டும் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பரப்பைப் பார்த்து ஆழத்தைக் கணித்துவிடாதீர்கள், பல இடங்களில் ஓர் ஆள் நின்று நடக்கலாம். அதனால்தான் துடுப்பைவிடக் கோல்தான் இங்கே அதிகம் பயன்படுகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுவெள்ளம் புகுந்து நீர் ஏறக்குறைய நன்னீராகவே மாறிவிடும். கோடையில் வெயில் நீரை உறிஞ்ச உறிஞ்ச, சில பகுதிகளில் கடல்நீரைவிட உப்பு கூடிவிடும். இவ்வளவு மாற்றத்தையும் தாங்குகிற உயிரினம் மட்டுமே இங்கே தங்கும். மடவை, கெளுத்தி, கிழங்கான், பச்சை நண்டு, வெள்ளை இறால் என்று இந்தக் கரையில் நாள்தோறும் கேட்கும் பெயர்கள் எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவைதாம்.

வடகிழக்கே கை நீட்டுகிறேன். அந்தத் திசையில்தான் ஏரி கடலோடு சேரும் வாயான முகத்துவாரம் இருக்கிறது. பாலத்தில் நின்று பார்த்தால் எளிதில் பிடிபடாது. ஆனால் இந்த ஊரின் வரவு செலவு முழுவதும் அந்தத் திறப்பைப் பொறுத்தே அமைகிறது. காரணம் இறாலின் வாழ்க்கைமுறை. தாய் இறால் கடலில்தான் முட்டையிடுகிறது. பொரித்து வரும் குஞ்சுகள், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவில், கடல்நீர் ஏறும் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, ஆழம் குறைந்த சேற்றிலும் பாசியிலும் தின்று சில மாதங்கள் வளர்கின்றன. வளர்ந்தபின் நீர் இறங்கும் வற்றத்தோடு மீண்டும் கடலுக்குப் புறப்படுகின்றன. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் வழி அந்த ஒன்றே. வழி அடைபட்டால் அந்த ஆண்டு ஏரிக்கு இறால் வரத்து குறைந்துவிடும்.

அடைபடுவதற்குக் காரணமும் கடல்தான். இந்தக் கரையோரமாக நீரோட்டம் மணலை ஓயாமல் அள்ளிக்கொண்டு போகிறது. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக, மழைக்காலத்தில் வடக்கிலிருந்து தெற்காக. ஆற்றில் வெள்ளம் வரும்போது ஏரிநீர் வேகமாக வெளியேறி மணலைத் தள்ளிவிடும். கோடையில் அந்த வேகம் இருப்பதில்லை. மணல் இரண்டு பக்கத்திலிருந்தும் நெருங்கி, கடைசியில் ஒரு மேடு எழுந்து வாயை மூடிவிடும். முகத்துவாரம் தூர்ந்துவிட்டது, தூர்வார வேண்டும் என்ற கோரிக்கை இங்கிருந்து பலமுறை எழுந்ததன் பின்னணி இதுதான். வாயை நிரந்தரமாகத் திறந்துவைப்பதற்காக இரு புறமும் கடலுக்குள் கற்களைக் கொட்டித் தடுப்பு எழுப்பும் திட்டத்தை அரசு எடுத்திருக்கிறது. அத்தகைய தடுப்பின் ஒரு பக்கம் மணல் சேர்வதும், நீரோட்டத்தின் போக்கில் மறுபக்கக் கரை அரிக்கப்படுவதும் தமிழகக் கடற்கரையில் பல ஊர்களில் கண்ட அனுபவம். ஆகவே இதை முழு விடிவு என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ஆனாலும், ஆண்டுதோறும் தூர்வாரும் வண்டிக்காகக் காத்திருப்பவர்களிடம் நின்று அந்தத் தயக்கத்தைப் பேசுவது எளிதன்று.

இப்போது பாடு முறைக்கு வருகிறேன். இறால் ஒரே வழியாகப் போய் வருவதால், அந்த வழிக்கு அருகில் வலை கட்டுபவருக்கு அதிகமாகவும், தள்ளிக் கட்டுபவருக்குக் குறைவாகவும் கிடைக்கும். வலிமையுள்ளவர் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவர் வயிறு காயும். இதைத் தவிர்க்க, ஏரியில் வலை கட்டத் தகுந்த இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, கோட்டைக்குப்பம் முதலான மீனவ ஊர்களுக்கிடையே முறைவைத்துச் சுற்றவிடுகிறார்கள். இன்று ஒரு குழு வலை கட்டிய நல்ல இடத்தில் அடுத்த முறை வேறொரு குழு கட்டும். முன்பு கட்டியவர்கள் சுமாரான இடத்துக்கு நகர்வார்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். ஊரில் தலைக்கட்டாகக் கணக்கில் உள்ள குடும்பத்தாருக்கே இதில் பங்கு உண்டு. ஒரு பையன் திருமணம் முடித்துத் தனிக் குடும்பமானால் தலைக்கட்டு ஒன்று கூடுகிறது. அவனுக்கும் முறை வருகிறது.

இந்த ஒழுங்கு எந்தச் சட்டப்புத்தகத்திலிருந்தும் வந்ததன்று. தலைமுறைகளாக ஊர்க்கூட்டங்களில் பேசிப் பேசி நிலைபெற்றது. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலை இடங்களைச் சீட்டின் மூலம் பங்கிடும் பழக்கம் இருக்கிறது என்பதை அறிந்தபோது, மீனவர் எங்கே ஒரு குறுகிய வாயை நம்பிப் பிழைத்தாலும் ஏறக்குறைய ஒரே தீர்வுக்கு வந்து சேர்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நீர்வள ஆய்வாளர்கள் பாடு முறையைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் பாராட்டி. அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கீழே கரைக்கு இறங்கிய பின் சொல்கிறேன்.

இறங்கும் வழியில், நீங்கள் கேட்கக்கூடிய ஒன்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நான் படகில் போகவில்லை. 2011 டிசம்பர் 25 அன்று இந்த நீரில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் மாவட்ட நிர்வாகம் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதித்தது. கரையில் நின்றால் யாராவது வந்து மெதுவாக ‘போட்ல போறீங்களா சார்’ என்று கேட்பதுண்டு. மீன்பிடிப் படகு ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்டுவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஏரியின் ஆழம் குறைவு என்றாலும் முகத்துவாரத்தின் அருகே நீரோட்டம் கடுமையானது. கேட்பவர் மேல் கோபப்பட வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடங்கள். பாலமும் கரையும் போதுமான அளவு காட்டுகின்றன.

இதோ நண்டு எடைபோடும் இடம். சற்று நெருங்கிக் காட்டுகிறேன். இந்த அம்மா ஒரு பச்சை நண்டைப் பின்கால்களின் அருகே அழுத்திப் பிடித்து, மல்லாக்கப் போட்டு, கட்டைவிரலால் அடிப்பக்க ஓட்டை அழுத்திப் பார்க்கிறார். ஓடு அமுங்காமல் கெட்டியாக இருந்தால் உள்ளே சதை நிறைந்திருக்கிறது. அமுங்கினால் அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு. உள்ளே நீர்தான் மிகுதி, விலையும் பாதியாக இறங்கிவிடும். பார்த்துவிட்டு, நைலான் கயிற்றை ஒரு கொடுக்கின் மேல் சுற்றி, உடலுக்கு முன்புறமாக இழுத்து, மறு கொடுக்கையும் மடக்கிச் சேர்த்து, முதுகுப்பக்கம் முடிச்சிடுகிறார். நான் பேசி முடிப்பதற்குள் மூன்றாவது நண்டுக்குப் போய்விட்டார். கட்டாமல் கூடையில் போட்டால் ஒன்றையொன்று கடித்துக் கால்களை முறித்துவிடும். கால் போன நண்டுக்கு ஏற்றுமதியில் இடமில்லை. செத்துவிட்டால் சதை விரைவில் கெட்டுவிடும் என்பதால் உயிருடனேயே சென்னைக்கும், அங்கிருந்து விமானத்தில் வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறார்கள்.

டச்சுக்காரர்களைப் பற்றிச் சொல்லவில்லையே என்று நினைப்பீர்கள். 1613-இல் அவர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தில் இன்று புதரும் அகழியின் தடமும்தான் மிச்சம். 1690 வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுவே. பிறகு அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. பருத்தித் துணியோடு அடிமைகளாக மனிதரையும் இங்கிருந்து கப்பலேற்றினார்கள் என்பதைக் இங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் அழகைப் பேசும்போது பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தோட்டத்தின் வாயிலில் இரு புறமும் செதுக்கப்பட்ட எலும்புக்கூடுகள் நிற்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், வெளியே இருந்தே பார்க்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது பள்ளிவாசலில் உள்ள நிழல் கடிகாரம்.

பூநாரைகளுக்காக வருபவர்கள் மழை முடிந்த மாதங்களில் விடியலில் வந்து, அண்ணாமலைச்சேரிப் பக்கம் போங்கள். அவை தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பகுதி சேற்றைத் தொடும்படி நீரை அரித்து உண்ணும் விதத்தைக் காண ஒரு தொலைநோக்கி அவசியம். ட்ரோனைக் கிளப்பினால் ஒரு கூட்டமே இரையை விட்டு எழுந்துவிடும். இது பறவைகள் சரணாலயம் என்பதால் குற்றமும் ஆகும். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் இங்கே வந்து நின்று பார்ப்பவர்களும் உண்டு. அந்த நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். பார்க்க வருபவருக்கு அது திருவிழா, இவர்களுக்கு ஒரு நாள் வருமான இழப்பு.

சொல்கிறேன் என்றிருந்த மறுபக்கம் இதோ, இந்த ஆழமில்லாத ஓரத்திலேயே தெரிகிறது. நான்கு பெண்கள் கழுத்தளவு நீரில் உட்கார்ந்தபடியே நகர்கிறார்கள். இரு கைகளாலும் சேற்றைத் தடவி, விரலில் இறால் தட்டுப்பட்டதும் அமுக்கிப் பிடித்து, இடுப்பில் கயிறு கட்டி மிதக்கவிட்டிருக்கும் பாத்திரத்தில் போடுகிறார்கள். வலை இல்லை, படகு இல்லை, பாடும் இல்லை. தலைக்கட்டுக் கணக்கில் பெண்களுக்கும், மீனவர் அல்லாத சாதியினருக்கும், இருளர்களுக்கும் இடமில்லை. அவர்களுக்கு எஞ்சியிருப்பது வலை கட்டாத ஓரங்களே. நண்டுக் கொடுக்கும் உடைந்த ஆளி ஓடும் கையைக் கிழிக்கும் வேலை இது. பாடு முறை தன் உறுப்பினர்களிடையே நேர்மையாக நடந்துகொள்கிறது. யார் உறுப்பினர் என்பதை வரையறுக்கும் இடத்தில் அந்த நேர்மை நின்றுவிடுகிறது. இதை மாற்றுவது ஊர்க்கூட்டத்தில் உட்காரும் அந்த ஆண்களால்தான் முடியும் என்பது என் கருத்து.

இவர்கள் கரையேறியதும் பாலத்தடியில் உட்கார்ந்து கூறு கட்டி விற்பார்கள். வாங்க நினைப்பவர்கள் ஐஸ் பெட்டி கொண்டுவாருங்கள், பொன்னேரிக்குப் பேருந்தில் போய் மின்சார ரயில் பிடிப்பதற்குள் இறால் வெயிலில் வீணாகிவிடும். நியாயமான விலை சொன்னால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். நானும் இப்போது அதற்காகத்தான் வரிசையில் நிற்கப் போகிறேன்.