கோழி ரத்தத்தில் விழும் சிவப்புப் பொத்தான்

நேயர்களுக்கு வணக்கம்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் நான் வழக்கமாக மல்லிகை வாங்கும் அக்கா போன வாரம் இரண்டு கேள்வி கேட்டார். "ஏன் சார், தட்டம்மைக்குச் சின்னப் பிள்ளையில ஊசி போட்டதோட சரி. இந்த ஃப்ளூ காய்ச்சலுக்கு மட்டும் வருஷா வருஷம் போடச் சொல்றீங்களே, போன வருஷம் போட்டது எங்க போச்சு?" இது முதல் கேள்வி. "பறவைக் காய்ச்சல்னு பேப்பர்ல போடுறானே, கோழி சாப்பிடலாமா?" இது இரண்டாவது. பூவை எடை போட்டு இலையில் கட்டும் நேரத்துக்குள் சொல்லி முடிகிற பதிலா இது? இங்கே சொல்கிறேன். அக்கா கடையில் ரேடியோ எப்போதும் பாடிக்கொண்டுதான் இருக்கும்.

முதல் கேள்விக்கான பதிலே ஒரு கோழி ரத்தத்தில்தான் தொடங்குகிறது. 1941இல் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர், கரு வளரும் கோழிமுட்டைக்குள் ஃப்ளூ வைரஸை வளர்த்துக்கொண்டிருந்தார். முட்டையிலிருந்து நீரை எடுக்கும்போது ஒரு ரத்தக்குழாய் கிழிந்து, கொஞ்சம் ரத்தமும் அதில் கலந்துவிட்டது. வேறு யாராவது என்றால் "கெட்டுப்போச்சு" என்று கொட்டியிருப்பார்கள். அவர் உற்றுப் பார்த்தார். சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாக நின்றன. ஒட்டவைத்தது வைரஸின் மேல்தோலில் முள் முள்ளாக நிற்கும் ஒரு புரதம். ரத்தத்தை ஒட்டவைப்பது என்ற பொருளிலேயே அதற்கு ஹீமக்ளூட்டினின் என்று பெயர் வந்தது. எச்1என்1, எச்3என்2 என்கிறோமே, அதில் வரும் 'எச்' இதுதான்.

அந்தச் சோதனையை மாணவனாக இருந்தபோது நானும் செய்திருக்கிறேன். பணியாரச் சட்டியைச் சுருக்கினாற்போல் சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டு. குழிக்குள் வைரஸ், அதன் மேல் உப்புநீரில் கரைத்த கோழியின் சிவப்பணுக்கள். அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். வைரஸ் இல்லாத குழியில் அணுக்கள் வழுக்கி இறங்கி, அடியில் சட்டைப் பொத்தான் மாதிரி சிவப்பாக உட்காரும். வைரஸ் இருந்தால் பொத்தான் விழாது. வலை பின்னியது போல் குழி முழுக்கப் பரவி நிற்கும்.

இப்போது அதே குழியில் ஒருவருடைய சீரத்தையும், அதாவது ரத்தம் உறைந்த பின் மேலே தெளியும் நீரையும், சேருங்கள். அவர் உடம்பில் அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது நோயை எதிர்க்க உடம்பே செய்துகொள்ளும் புரதம், இருந்தால், அது போய் ஹீமக்ளூட்டினினைப் பொத்திக்கொள்ளும். ஒட்ட வழியில்லை, மறுபடியும் பொத்தான் விழும். சீரத்தை நாற்பது மடங்கு நீர்த்த பிறகும் பொத்தான் விழுந்தால், தொற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது பழைய கணக்கு. எண்பது ஆண்டு தாண்டியும் இந்தச் சோதனை ஓய்வு பெறவில்லை. நான் பெற்றுவிட்டேன்.

நம் தொண்டையில் இந்தப் புரதம் செய்கிற வேலையும் ஒட்டுவதுதான். செல்லின் மேல் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். செல் அதை உள்ளே இழுத்ததும், அங்குள்ள அமிலத்தன்மையில் உருமாறி வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடும்.

சரி, ஊசி ஏன் வருஷா வருஷம்? ஹீமக்ளூட்டினினுக்கு ஒரு தலை, ஒரு தண்டு. அலங்காநல்லூர் வாடிவாசலில் மாடு அணைபவருக்கு என்ன விதி? திமிலைத்தான் பிடிக்கலாம், கொம்பு, வால், கால் எதையும் தொடக் கூடாது. நம் உடம்புக்கும் யாரோ அப்படி ஒரு விதி போட்டதுபோல, ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை தலையைத்தான் பிடிக்கும். வைரஸோ வருஷத்துக்கு வருஷம் அந்தத் திமிலின் வடிவத்தைத்தான் மாற்றுகிறது. பெரிதாக மாற்றவும் வேண்டாம். 1968 முதல் 2003 வரை எச்3என்2 போட்ட பெரிய வேஷங்கள் எல்லாம், சர்க்கரையைப் பிடிக்கும் இடத்தைச் சுற்றியுள்ள ஏழே ஏழு இடங்களில் நடந்த மாற்றங்கள்தான் என்று கண்டிருக்கிறார்கள். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி, அடுத்த ஊசியில் எந்த வைரஸைச் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. அது ஓர் ஊகம்தான். சில வருஷம் தப்பும். ஊசி போட்டும் காய்ச்சல் வந்தது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஆனாலும் படுத்த படுக்கையாகி மருத்துவமனைக்குப் போகும் நிலைமையை அது குறைக்கிறது.

தண்டு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. உடம்பைத் தண்டைப் பிடிக்கப் பழக்கும் ஊசிக்காகப் பல ஆய்வகங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன.

எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இனிமேல்தான். வாழ்க்கையில் முதன்முதலாக வந்த ஃப்ளூவை உடம்பு மறப்பதே இல்லை. பின்னால் வேறு வைரஸ் வந்தாலும் பழைய ஆன்டிபாடியைத்தான் முதலில் எடுத்து நீட்டும். 1960இல் தாமஸ் பிரான்சிஸ் இதற்குக் கிறிஸ்தவர்கள் சொல்லும் ஜென்மப் பாவத்தின் பெயரையே வைத்தார். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. பாதி நேரம் அது பாவம், பாதி நேரம் புண்ணியம்.

புண்ணியம் எப்படி என்கிறீர்களா? ஹீமக்ளூட்டினினில் பல வகை உண்டு, 'எச்'சுக்குப் பின்னால் வரும் எண் அந்த வகையைத்தான் சொல்கிறது. 1968 வரை மனிதர்களிடம் சுற்றியவை எச்1, எச்2. பிறகு எச்3 வந்தது. பறவைகளின் எச்5, தண்டளவில் எச்1, எச்2 இரண்டுக்கும் பங்காளி. பறவைகளின் இன்னொரு வகையான எச்7, எச்3க்குப் பங்காளி. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 1968க்கு முன் பிறந்தவர்களுக்கு எச்5என்1இலிருந்தும், பின் பிறந்தவர்களுக்கு எச்7என்9இலிருந்தும் கூடுதல் பாதுகாப்பு இருப்பது தெரிந்தது. ஒரே வீட்டில், ஒரே குழம்பைச் சாப்பிடும் தாத்தாவுக்கும் பேரனுக்கும் உடம்பின் ஞாபகம் வேறு வேறு.

அப்புறம் அக்காவின் இரண்டாவது கேள்வி. பறவை வைரஸின் ஹீமக்ளூட்டினின் பிடிக்கும் சர்க்கரை இணைப்பு ஒரு மாதிரி. நம் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இருப்பது வேறு மாதிரி. பூட்டு பொருந்தாததால் அது நமக்கு எளிதில் தொற்றுவதில்லை. நோய்ப்பட்ட கோழியைத் தொட்டு, அறுத்து, இறகு பிடுங்குபவர்களுக்குத்தான் ஆபத்து. செத்துக் கிடக்கும் கோழியைக் கையால் தூக்காதீர்கள். நன்றாக வெந்த கறியில் வைரஸ் உயிரோடு இருக்காது.

அதனால் தாராளமாகச் சாப்பிடுங்கள் அக்கா. சர்க்கரை நோய் இருக்கிறது என்று சொன்னீர்களே, டாக்டரிடம் கேட்டு ஐப்பசி மழைக்கு முன்னாலேயே ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். அது வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பில் மிளகு தூக்கலாகப் போட்டால் தொண்டைக்கும் இதமாக இருக்கும், வைரஸுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

வணக்கம்.