வேலூர் வெயில்ல குறும்படம்: முதல்ல ஒளி, அடுத்தது ஒலி, அப்புறம்தான் கேமரா

[காட்சி: வேலூர்க் கோட்டை அகழி ஓரம், காலை 11 மணி. ஒருவரின் முகம், நெருக்கத்தில். கண் இருக்கும் இடம் ரெண்டும் கறுப்புக் குழி. பின்னால் வானம் வெள்ளைத் தாள் மாதிரி வெளுத்திருக்கிறது.]

குரல்: இந்த ஷாட்ட நல்லா பாருங்க. கேமரா நல்ல கேமராதான், லென்ஸும் நல்ல லென்ஸ்தான். ஆனாலும் நடிகரோட கண்ணு தெரியல. கண்ணு தெரியலன்னா அவர் என்ன நினைக்கிறார்னு பாக்கறவங்களுக்குப் போய்ச் சேராது. இதுக்குக் காரணம் நேரம்.

வேலூர் இருக்கறது சுமார் 13 டிகிரி வடக்கு அட்சரேகையில. ஏப்ரல் கடைசி வாரத்துலயும், ஆகஸ்ட் நடுவுலயும் உச்சி வேளைல சூரியன் சரியா நம்ம தலைக்கு மேல நிக்கும். அப்ப நிழல் காலடிக்குள்ளயே சுருங்கிடும். மே மாசம் முழுக்க காலை 10 மணியிலிருந்து மதியம் 3 மணி வரைக்கும் வெளிச்சம் மேலேருந்துதான் கொட்டும். நெத்தியும் மூக்கும் பளபளன்னு இருக்கும், கண்ணும் கழுத்தும் இருட்டாகிடும். இத எடிட்டிங்ல சரி பண்ண முடியாது. அதனால ஒரு நாள் ஷூட்டிங்க வெயில வெச்சுத்தான் பிரிக்கணும். விடியற்காலையும் சாயங்காலமும் வெளியில, நடுப்பகல்ல வீட்டுக்குள்ள.

[காட்சி: பாலாற்று மணல், காலை 6.15. நீண்ட நிழல்கள்.]

குரல்: காலைல பாலாறு. மே மாசத்துல சூரியன் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடியே உதிக்கும். ஆனா ஊரைச் சுத்தி மலை. எந்த மலைக்குப் பின்னாலேருந்து வெயில் ஏறுதோ, அத வெச்சு உங்களுக்கு வெளிச்சம் வர்ற நேரம் தள்ளிப்போகும். முந்தின நாளே அதே இடத்துல நின்னு, முதல் வெயில் தரையில விழற நேரத்தக் குறிச்சு வெச்சுக்குங்க.

ஆத்து மணல் ஒரு பெரிய ரிஃப்ளெக்டர். சாய்வா வர்ற வெயில் மணல்ல பட்டு, கீழேருந்து தாடைக்கும் கண்ணுக்கும் வெளிச்சம் குடுக்கும். நடிகர வெயிலுக்கு முதுகு காட்டி நிக்க வைங்க. முடி ஓரத்துல ஒரு கோடு மாதிரி வெளிச்சம் விழும், முகம் மணல் வெளிச்சத்துல மெதுவா தெரியும். போதலன்னா ஒரு தெர்மாகோல் அட்டைய மூணு நாலு அடி தூரத்துல, இடுப்பு உயரத்துல சாய்ச்சுப் பிடிங்க. வெள்ளிக் காகிதம் ஒட்டின பக்கம் வேண்டாம், கண் கூசி நடிகர் சுருக்கிடுவார்.

மணல்ல ஒரு ஆபத்தும் இருக்கு. டிரைபாட் கால் பூட்டுக்குள்ள மணல் போச்சுன்னா அடுத்த வாட்டி திருகும்போது கரகரன்னு சத்தம் கேக்கும், அப்புறம் பிடிப்பே போயிடும். மூணு கால்லயும் பிளாஸ்டிக் கவர மாட்டி, பூட்டுக்கு மேல ரப்பர் பேண்ட் போடுங்க. ஆத்துக்குள்ள லென்ஸ் மாத்தவே மாத்தாதீங்க. ஒரே லென்ஸ் போதும். ஏபிஎஸ்-சி, அதாவது முழு ஃப்ரேம விடச் சின்ன சென்சார் இருக்கற கேமராவுக்கு 35 மில்லிமீட்டர் வாங்குங்க. 1.5 ஆல பெருக்கினா, முழு ஃப்ரேம் கேமராவுல 52 வெச்ச மாதிரி ஆகும். முகத்துக்கும் ஆகும், கொஞ்சம் பின்னால போனா இடத்துக்கும் ஆகும்.

[காட்சி: ஒரே நடை ரெண்டு தடவை. ஒண்ணில் கை கால் வெட்டி வெட்டி நகர்கிறது, இன்னொன்றில் இயல்பாக.]

குரல்: இப்ப என்.டி. ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு முன்னால மாட்டி வெளிச்சத்தக் குறைக்கற கறுப்புக் கண்ணாடி. வெளிப்புறத்துல அதிகம் பேர் தடுக்கி விழற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நின்னு பாக்கலாம்.

நொடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கறீங்கன்னா ஷட்டர் 1/50 நொடி. அப்பதான் அசைவு கண்ணு பாக்கற மாதிரி லேசா குழையும். இப்ப ஒரு பழைய கணக்கு: பளிச்சுன்னு வெயில் அடிக்கறப்ப அப்பர்ச்சர, அதாவது லென்ஸ் துவாரத்த, எஃப் 16 ல வெச்சா, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கு சென்சாரோட உணர்திறன்) என்னவோ அதுதான் ஷட்டர். ஐ.எஸ்.ஓ. 100 னா ஷட்டர் 1/100. ஆனா நமக்கு வேண்டியது 1/50. அப்ப எஃப் 22 க்குப் போகணும், எண் கூடினா துவாரம் சின்னதாகும். அந்த அளவுக்கு அப்பர்ச்சர மூடினா ஒளி சின்னத் துவாரத்துல விரிஞ்சு, அதாவது டிஃப்ராக்‌ஷனால படம் மங்கிடும், பின்னணி முழுக்கத் தெளிவா வந்து முகத்தோட சண்டை போடும். உங்களுக்கு வேணுங்கறது எஃப் 2.8 ன்னு வைங்க. 22, 16, 11, 8, 5.6, 4, 2.8. எண்ணிப் பாருங்க, ஆறு ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் ரெண்டு மடங்காகும். ஆறு ஸ்டாப்ப விழுங்கறது என்.டி. 64.

லாக்ல, அதாவது பின்னால நிறம் திருத்தறதுக்காக வெளுத்த மாதிரிப் பதிவாகற முறைல எடுக்கறவங்களுக்கு இன்னும் கூடும். சில கேமராவுல லாக் போட்டா ஐ.எஸ்.ஓ. 800 க்குக் கீழ வராது. அதுவே மூணு ஸ்டாப் அதிகம். மொத்தம் ஒன்பது ஸ்டாப், என்.டி. 500. கைல என்.டி. 8 மட்டும் இருந்தா, லாக்க விட்டுட்டுச் சாதாரண புரொஃபைல்ல எடுக்கறது நல்லது.

திருகற வேரியபிள் என்.டி. வசதிதான். அதுக்குள்ள இருக்கறது ரெண்டு போலரைசர், ஒரு திசைல அதிரற ஒளிய மட்டும் விடற கண்ணாடி. கடைசி வரைக்கும் திருகினா படத்துக்கு நடுவுல பெருக்கல் குறி மாதிரி ஒரு கறை விழும். வைடு லென்ஸ்ல இன்னும் சீக்கிரமே விழும். அந்தக் கடைசி எல்லைக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திக்குங்க.

போன்ல எடுக்கறவங்களுக்கு அப்பர்ச்சர் மாறாது, பெரும்பாலும் எஃப் 1.8 பக்கம்தான். வெயில்ல போன் தானாவே ஷட்டர 1/4000 அளவுக்கு ஏத்திடும். அந்த வெட்டி வெட்டி நடக்கறது அதனாலதான். கிளிப்போட வர்ற என்.டி. ஒண்ணு வாங்கிக்குங்க. பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம். அதுல ஷட்டர், ஐ.எஸ்.ஓ., ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தோட நிறத்துக்கு ஏத்த அமைப்பு) மூணையும் பூட்டிடலாம். எச்.டி.ஆர். வீடியோவ அணைச்சிடுங்க.

[காட்சி: வெள்ளைத் துண்டு போர்த்திய கேமரா, மேலே கறுப்புக் குடை.]

குரல்: சூடு. பெரும்பாலான கேமராவோட கையேட்டுல 40 டிகிரி வரைக்கும்தான் போட்டிருக்கும், ஐபோனுக்கு 35. கத்திரி வெயில்ல வேலூர் 40 அ சாதாரணமா தாண்டும். நேர் வெயில்ல நிக்கற கறுப்புக் கேமரா அத விட அதிகமாவே சுடும். ரெண்டு டேக்குக்கு நடுவுல கேமராவ அணைங்க, எல்சிடி திரைய கேமரா உடம்புலேருந்து விலக்கித் திறந்து வைங்க, குடை பிடிக்க ஒரு ஆள் இருக்கட்டும். மதியம் சாப்பிடப் போகும்போது கார்ல பேட்டரிய விட்டுட்டுப் போகாதீங்க. ஏசி அறையிலேருந்து எடுத்ததும் வெளிய திறக்காதீங்க. பைக்குள்ளயே அரை மணி நேரம் கிடக்கட்டும், இல்லன்னா காத்துல ஈரம் இருக்கற நாள்ல லென்ஸ் உள்பக்கம் வேர்த்துடும்.

[காட்சி: ஓட்டு வீடு. திண்ணை தாண்டி உள்ளே ஒரு கதவு வெளிச்சம். நண்பகல்.]

குரல்: இனி வீட்டுக்குள்ள. முதல் வேலை, டியூப் லைட்ட அணைக்கறது. கதவு வழியா வர்ற பகல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப் லைட் இன்னொரு நிறம். ரெண்டும் ஒரே முகத்துல விழுந்தா பாதி முகம் பச்சை தட்டும். ஒயிட் பேலன்ஸ ஆட்டோல விடாதீங்க, 5600 கெல்வின்ல பூட்டுங்க. விளக்கு போட்டே ஆகணும்னா ஷட்டர் 1/50 இல்லன்னா 1/100. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/60 வெச்சா படத்துல பட்டை பட்டையா ஓடும்.

கதவுல எட்டு முழ வேட்டிய ஒத்தையா கட்டுங்க. உள்ள விழற வெளிச்சம் பஞ்சு மாதிரி ஆகிடும். நடிகர் கதவுலேருந்து நாலு அடி உள்ள, பக்கவாட்டுல உக்காரட்டும். கேமரா இருட்டான கன்னத்துப் பக்கம் நிக்கணும். அந்தப் பக்கம் சுவர் வெள்ளையா இருந்தா வெளிச்சம் திரும்பி அடிச்சு முகத்த தட்டையாக்கும், ஒரு கறுப்புக் கம்பளியத் தொங்க விட்டாப் போதும்.

இப்ப பயிற்சி. வசனம் கிடையாது, பாட்டு கிடையாது, ஏழு ஷாட், ஒரு நிமிஷப் படம். குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் சுத்துவட்டாரத்துல வீட்டு வாசல்ல பீடி சுத்தறவங்க நிறைய பேர் இருக்காங்க. கை வேலை, முகம், சத்தம் மூணும் ஒரே இடத்துல கிடைக்கற காட்சி அது. ஒரு விஷயம் மறக்கக் கூடாது. அவங்களுக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கணக்கு. நீங்க ஒரு மணி நேரம் நிறுத்தி நிறுத்தி எடுத்தா அந்த எண்ணிக்கை குறையும். முதல்ல எதுக்கு எடுக்கறீங்கன்னு சொல்லிச் சம்மதம் கேளுங்க, அந்த நேரத்துக்கான பணத்தக் கைல குடுங்க.

[காட்சி: மடியில் முறம். இலை, தூள், கத்திரிக்கோல், நூல். விரல்கள்.]

குரல்: முதல் ஷாட், வாசலும் அவங்களும் முழுசா. டிரைபாட் உயரம் ரெண்டு அடி. உக்காந்திருக்கறவங்கள நின்ன வாக்குல எடுத்தா மேலேருந்து குனிஞ்சு பாக்கற மாதிரி ஆகும், அது அவங்களச் சின்னவங்களாக்கும். ரெண்டாவது, அளவுத் தகட்ட இலை மேல வெச்சு கத்திரிக்கோல் வெட்டறது, கை மட்டும். மூணாவது முகம், கண்ணு கீழ பாக்குது. நாலாவது, தூள இலைல வைக்கற விரல். அஞ்சாவது, சுருட்டறது, இதுக்கு எவ்வளவு பக்கம் போக முடியுமோ அவ்வளவு பக்கம் போங்க, நகத்துல ஒட்டியிருக்கற தூள் தெரியணும். ஆறாவது, நூல் கட்டறது. ஏழாவது, அவங்க நிமிந்து பாக்கற ஏதோ ஒண்ணு. அது தெருவா, பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளையா, கடிகாரமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். இந்த ஏழாவது ஷாட்டுலதான் மத்த ஆறும் கதையாகும்.

இதுல எங்க தப்பு நடக்கும்? ஏழையும் ஒரே தூரத்துல எடுத்துடுவாங்க. அப்ப வெட்டி ஒட்டும்போது படம் ஒவ்வொரு இடத்துலயும் துள்ளும். அடுத்து, செயல் முடியறதுக்குள்ள கட் சொல்லிடுவாங்க. இலை வெட்டி முடிஞ்ச பிறகும் அஞ்சு நொடி ஓட விடுங்க. நாலாவது ஷாட்டோட கடைசி அசைவ அஞ்சாவது ஷாட்டோட தொடக்கத்துல மறுபடி செய்யச் சொல்லுங்க, அந்த மேற்பொருத்தத்துலதான் கட் மறையும். அவங்க பாக்கற திசைல மனசுல ஒரு கோடு போட்டு, கேமரா ஏழு ஷாட்டுலயும் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம் இருக்கட்டும்.

[காட்சி: சீலிங் ஃபேன் மெதுவாக நிற்கிறது. ஹெட்போன் போட்டவர் கை உயர்த்துகிறார்.]

குரல்: ஒலி. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா பாக்கறவங்க பொறுத்துப்பாங்க. வசனம் புரியலன்னா அடுத்த நொடியே வேற வீடியோவுக்குப் போயிடுவாங்க. கேமரால இருக்கற மைக்க சிங்க் பண்றதுக்கு, அதாவது தனியா எடுத்த ஒலிய படத்தோட பொருத்தறதுக்கு மட்டும் வெச்சுக்குங்க.

மைக்கோட தூரத்தப் பாதியாக்கினா வசனம் 6 டெசிபல் கூடும், ஃபேன் சத்தம் அப்படியே இருக்கும். அதனால பூம் மைக், அதாவது நீட்டுக் கழி முனையில மாட்டின மைக், தலைக்கு மேல ஒன்றரை அடி, ஃப்ரேமுக்கு வெளிய, வாய நோக்கிச் சாய்வா. பெயிண்ட் ரோலர் மாட்டற நீட்டுக் கழியே பூமுக்குப் போதும். பிடிக்கறவர் மோதிரம், வளையல் கழட்டிடணும்.

சட்டைல மாட்டற மைக்குக்கு இந்த ஊர்ல எதிரி வேர்வை. மெடிக்கல்ல கிடைக்கற மைக்ரோபோர் டேப்ப ஒட்டற பக்கம் வெளிய வர்ற மாதிரி முக்கோணமா மடிச்சு, மைக்குக்கு ரெண்டு பக்கமும் வெச்சு, துணிக்கும் உடம்புக்கும் நடுவுல ஒட்டுங்க. தாடைலேருந்து ஒரு சாண் கீழ. மைக் தலைய கீழ்நோக்கித் திருப்பி வைக்கலாம். அது எல்லாப் பக்கமும் கேக்கற மைக், வசனம் குறையாது, வேர்வையும் உள்ள இறங்காது. பட்டுப்புடவை உரசும், பருத்திய கட்டச் சொல்லுங்க. வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர முதுகுல சொருகினா உடம்பே சிக்னல மறைக்கும், ரிசீவர் இருக்கற பக்கமா இடுப்புல வைங்க.

ஃபேன அணைச்சுட்டுத்தான் எடுக்கணும், அதனால டேக்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல நீட்டாதீங்க. கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடினா சில ஃபேன் ஊங்குன்னு இரையும், அந்த இரைச்சல் வசனத்தோட ஒட்டிக்கும். ஃப்ரிட்ஜ அணைக்கும்போது வண்டிச் சாவிய ஃப்ரிட்ஜுக்குள்ளயே வெச்சிடுங்க. சாவிய எடுக்காம வீட்ட விட்டுப் போக முடியாது, அப்ப சுவிட்சப் போட மறக்க மாட்டீங்க. ஆடி மாசத்துல வசனக் காட்சி வேண்டாம். தெருவுக்குத் தெரு அம்மன் கோயில்ல குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பாங்க, அது அவங்க திருவிழா. நாமதான் தேதிய மாத்திக்கணும்.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உரக்கப் பேசற இடம் மைனஸ் 12 டெசிபல தாண்டாம வைங்க. ஒவ்வொரு இடத்துலயும் எல்லாரும் அசையாம நின்னு ஒரு நிமிஷம் வெறும் அமைதியப் பதிவு பண்ணுங்க. வசனத்துக்கு நடுவுல வெட்டற இடத்துல அந்த அமைதியத்தான் ஒட்டணும், இல்லன்னா பின்னணி விட்டு விட்டுக் கேக்கும். அந்தக் கத்திரிக்கோல் சத்தத்தையும் மைக்க அரை அடியில வெச்சுத் தனியா ரெண்டு நிமிஷம் எடுங்க.

[காட்சி: மாலை, மணல் பொன்னிறம். கடிகாரம் 6.05.]

குரல்: சாயங்காலம். பொன் வெளிச்சம் ஒரு மணி நேரம் இருக்கும்னு பல பேர் நம்பறாங்க. நம்ம ஊர்ல சூரியன் கிட்டத்தட்ட நேரா கீழ இறங்கும், ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். கடைசி ஆறு டிகிரிதான் அந்த நிறம். அது 25 நிமிஷம், நடுவுல மலை இருந்தா அதுவும் குறையும். மே மாசத்துல சூரியன் மறையறது ஆறரை வாக்குல. அஞ்சு மணிக்கே ஒத்திகை முடிஞ்சு, கால் வைக்கற இடத்துல கல்லு வெச்சிருக்கணும். வானமும் இடமும் தெரியற பெரிய ஷாட்ட முதல்ல எடுங்க. நெருக்கமான முகத்த வெயில் போன பிறகும் ஒரு எல்.இ.டி. விளக்க 3200 கெல்வின்ல வெச்சு ஒப்பேத்தலாம், வானத்த ஒப்பேத்த முடியாது.

கோட்டைக்குள்ள எடுக்க நினைச்சா, அது தொல்லியல் துறை பாதுகாக்கற சின்னம். டிரைபாட் வெச்சுப் படம் எடுக்க முன்கூட்டியே அனுமதி வாங்கணும். காட்பாடி ரயில் நிலையத்துக்கு ரயில்வே அனுமதி. கேக்காம போய் பாதியில நிறுத்தப்பட்டா அந்த 25 நிமிஷம் அன்னிக்குத் திரும்ப வராது.

[காட்சி: மேசை மேல் ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு கார்டு. இரவு.]

குரல்: நொடிக்கு 100 மெகாபிட்ல எடுத்தா ஒரு நிமிஷம் 750 எம்.பி. 64 ஜி.பி. கார்டுல 85 நிமிஷம் பிடிக்கும். வி30, அதாவது நொடிக்குக் குறைஞ்சது 30 எம்.பி. எழுதற கார்டு போதும். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ரெண்டு டிஸ்க்ல தனித்தனியா காப்பி போடுங்க. ஒவ்வொரு டிஸ்க்லயும் முதல் கிளிப், நடு கிளிப், கடைசி கிளிப்ப திறந்து சத்தத்தோட ஓட்டிப் பாருங்க. அது முடியற வரைக்கும் கார்ட கேமராக்குள்ள போடாதீங்க. ரெண்டு டிஸ்க்கும் ஒரே பையில இருக்க வேண்டாம், ஒண்ணு உங்க கிட்ட, இன்னொண்ணு கூட வேலை செஞ்சவர் வீட்டுல. காலைல ஃபார்மேட் பண்றத கம்ப்யூட்டர்ல பண்ணாம கேமராலயே பண்ணுங்க.