ஒரு மண்டையோடு கொடுத்த பெயர்

நேயர்களுக்கு வணக்கம். இனம் என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்று பேச அழைத்திருக்கிறார்கள். எங்கே கூப்பிட்டாலும் நான் ஒரு மண்டையோட்டில்தான் தொடங்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் கோட்டிங்கனில் புளூமன்பாக் என்றொரு பேராசிரியர். மண்டையோடு சேகரிப்பவர். இருப்பதிலேயே அழகு என்று அவருக்குப் பட்டது, ஜார்ஜியா நாட்டுப் பெண் ஒருத்தியின் மண்டையோடு. ஜார்ஜியா இருப்பது காக்கசஸ் மலைப்பக்கம். 1795இல் மனிதர்களை ஐந்து வகையாகப் பிரித்தவர், அந்த மலையின் பெயரையே ஒரு வகைக்கு வைத்தார்: காக்கேசியர். ஐரோப்பியர் மட்டுமல்ல, கங்கைக்கரை வரை உள்ளவர்களும் அதில் அடக்கம். இந்த ஐந்துக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாது என்றும் அவரே எழுதினார். அதை யார் படித்தார்கள்!

சரி, மலையை மறந்துவிடாதீர்கள். இப்போது அமெரிக்கா.

வெளிநாட்டில் பிறந்தவர்களில் வெள்ளையர்தான் அங்கே குடியுரிமை பெறலாம் என்பது 1790ஆம் ஆண்டுச் சட்டம். 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். நடுவில் இருப்பவர் என்ன செய்வார்? ஜப்பானில் பிறந்த ஒசாவா, இருபது ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்துவிட்டுக் கேட்டார். 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தோல் நிறம் கணக்கில்லை. வெள்ளையர் என்றால் காக்கேசியர். நீங்கள் காக்கேசியர் இல்லை.

மூன்றே மாதம். பஞ்சாபில் பிறந்து அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் வந்தார். அறிஞர்களின் கணக்குப்படி நான் காக்கேசியன்தானே என்றார். கேட்டீர்களா, அதே மலை! அறிஞர் சொல்வது இருக்கட்டும், சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்பானோ அவன்தான் வெள்ளையன், நீங்கள் இல்லை என்றது நீதிமன்றம். இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, சதர்லாந்து. அவருக்கு அறிவியல் நவம்பரில் தேவைப்பட்டது, பிப்ரவரியில் தேவைப்படவில்லை.

நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அதைப் பிடுங்கினார்கள். குடியுரிமைக்குத் தகுதியற்றவர் அன்றைய கலிபோர்னியாவில் விவசாய நிலம் வாங்க முடியாது. ஒரு சொல்லின் பொருள் மாறியது, காலடி மண் போயிற்று.

ஆப்பிரிக்காவின் ருவாண்டாவைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: 1930களில் பெல்ஜிய ஆட்சி அங்கே ஒவ்வொருவரின் அடையாள அட்டையிலும் ஹூட்டு, துட்சி என்று இனத்தை எழுதிவைத்தது. 1994இல் துட்சிகளை இனப்படுகொலை செய்தபோது, சாலைத் தடுப்புகளில் கொலைகாரர்கள் கேட்டது அந்த அட்டையைத்தான். வணக்கம்.