ஜெயித்தவர் கலைத்த ராணுவம்: கோஸ்டா ரிக்கா, 1948

நேயர்களுக்கு வணக்கம். கோஸ்டா ரிக்கா என்றதும் பலருக்கு ஒரே ஒரு செய்திதான் நினைவுக்கு வரும்: ராணுவமே இல்லாத நாடு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் 1948, டிசம்பர் 1 என்று தேதியோடு ஒப்பிப்பார்கள். அந்த ஒற்றை வரி மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கோபம். அதைக் கேட்டால், சாதுவான ஒரு ஜனம் நல்ல நாள் பார்த்துத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டது போலத் தோன்றும். உண்மை அப்படியில்லை. அந்த வருஷம் உள்நாட்டுப் போர் நடந்தது. அந்தப் போரில் ஜெயித்தவர்தான் ராணுவத்தைக் கலைத்தார். ஜெயித்தவர் கலைத்தார் என்பதை இன்று திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர்கள் நமக்குப் பழக்கமில்லாதவை. மூன்றே மூன்றை மனதில் வைத்தால் போதும்: கால்தெரோன், உலாத்தே, ஃபிகேரஸ்.

கால்தெரோன் ஒரு டாக்டர். 1940 முதல் 1944 வரை ஜனாதிபதி. தொழிலாளிக்குச் சமூகக் காப்பீடு, தொழிலாளர் சட்டம் எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. நாட்டின் கத்தோலிக்கப் பேராயரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் மானுவேல் மோராவும் ஒரே நேரத்தில் அவருக்குத் துணை நின்றார்கள் என்றால் பாருங்கள்! ஆனால் ஊழல், கள்ள ஓட்டு என்ற புகார்களும் கூடவே வளர்ந்தன. 1948 பிப்ரவரி 8 தேர்தலில் அவர் மறுபடி நின்றார். எதிரே உலாத்தே, பத்திரிகைக்காரர். எண்ணிக்கையில் உலாத்தே சுமார் 10,000 வாக்கு முன்னால். அதற்குள் வாக்குச்சீட்டுகளில் ஒரு பகுதி தீயில் எரிந்துபோனது. மார்ச் 1 அன்று காங்கிரஸ், அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றம், கூடித் தேர்தலே செல்லாது என்று தீர்மானம் போட்டது.

இப்போது மூன்றாமவர். ஃபிகேரஸ் கதையை வானொலியில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? மலையில் பண்ணை வைத்து, கற்றாழை நாரில் கயிறும் காப்பி மூட்டைக்கான சாக்கும் செய்துகொண்டிருந்த ஆள். 1942 ஜூலையில் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று லிமோன் துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலைத் தாக்கியது. சில நாளில் தலைநகர் சான் ஹோசேயில் கூட்டம் திரண்டு ஜெர்மானியர், இத்தாலியர் கடைகளைச் சூறையாடியது. அரசு தடுக்கவில்லை என்று ஃபிகேரஸுக்கு ஆத்திரம். ஜூலை 8 அன்று, காசு கொடுத்து வானொலியில் நேரம் வாங்கி, மைக் முன்னால் உட்கார்ந்து கால்தெரோன் அரசை விளாசத் தொடங்கினார். பாதிப் பேச்சில் வானொலி நிலையத்துக்குள் போலீஸ் நுழைந்துவிட்டது. அவரோ, போலீஸ் வந்துவிட்டது, என்னை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று நேயர்களிடமே சொல்லிவிட்டு, இந்த அரசாங்கம் போய்விடுவதே நல்லது என்று சுருக்கமாக முடித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வீட்டில் திடீரென்று பெட்டி மௌனமானால் எப்படி இருந்திருக்கும்! அதுவரை அவரை யாருக்கும் தெரியாது. பேச்சைக் கேட்டவர்களைவிட, பேச்சு அறுந்ததைக் கேள்விப்பட்டவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். அவரை மெக்சிகோவுக்கு நாடு கடத்தினார்கள். ஒரு பண்ணைக்காரரைத் தலைவராக்கியது அந்த அரசாங்கமேதான் என்பேன். (கவலைப்படாதீர்கள், இந்த நிலையத்தில் என்னை நிறுத்தப்போவது கடிகாரம் மட்டும்தான்.)

சரி, 1948-க்கு வருவோம். மார்ச் 12 அன்று ஃபிகேரஸின் ஆட்கள் சான் இசித்ரோ விமானத்தளத்தைப் பிடித்து, அங்கே கிடைத்த விமானங்களைக் குவாத்தமாலாவுக்கு அனுப்பி ஆயுதம் ஏற்றி வந்தார்கள். கால்தெரோன் பக்கம் நின்ற அரசிடம் இருந்த ராணுவமோ சில நூறு பேர்தான். அரசுக்காக அதிகம் சண்டை போட்டவர்கள் கம்யூனிஸ்ட் வாழைத்தோட்டத் தொழிலாளிகள். வெக்கையான தாழ்நிலத்திலிருந்து வந்தவர்கள், தலைநகர்க் குளிர் தாங்காமல் கம்பளி போர்த்தி நடந்தார்கள். அதற்கும் கேலி. ஆறு வாரப் போர். சுமார் 2,000 பேர் செத்ததாகச் சொல்வார்கள். மொத்த ஜனத்தொகையே எட்டு லட்சம் இருந்த நாட்டில்!

ஏப்ரல் 19-ல் மெக்சிகோ தூதரகத்தில் உடன்பாடு. மே 8-ல் ஃபிகேரஸ் தலைமையில் ஆட்சிக்குழு. ஜெயித்தவர் என்ன செய்தார்? தோற்ற கால்தெரோனின் தொழிலாளர் சட்டங்களில் கை வைக்கவில்லை. ஜூன் 21 அன்று வங்கிகளைத் தேசியமயமாக்கினார், பணக்காரர்களின் சொத்துக்கு 10 சதவீத வரி போட்டார். அவரை ஆதரித்த காப்பி முதலாளிகள் திகைத்துப்போனார்கள். ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை. இரண்டு பக்கமும் அடி வாங்கியது.

டிசம்பர் 1. ராணுவத்தின் பெயாவிஸ்தா கோட்டை. ஃபிகேரஸ் பெரிய சம்மட்டியை ஓங்கி மதில் மேல் ஒரு போடு போட்டார். கோட்டைச் சாவி கல்வி அமைச்சர் கைக்குப் போனது, அருங்காட்சியகம் அமைக்க. சுவரில் குண்டு பட்ட குழிகள் இன்றும் இருக்கின்றன. இதை நான் துறவு என்று சொல்லமாட்டேன். ஆட்சியைக் கவிழ்த்தவருக்கு, அடுத்து யார் தன்னைக் கவிழ்ப்பார்கள் என்று நன்றாகவே தெரியும். பயமும் கணக்கும் இருந்தன. இருந்தாலும் செய்தார் அல்லவா? வீடு கட்டியவரே பூட்டை உடைத்துப் போட்ட மாதிரி, ஜெயித்தவரே கலைத்தார்.

பொது அறிவு வரி இங்கே நின்றுவிடுகிறது. வருஷம் நிற்கவில்லை. டிசம்பர் 8-ல் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல். ஃபிகேரஸ் பக்கத்துக்குக் கிடைத்தது 45 இடத்தில் 4. இரண்டே நாளில், பக்கத்து நாடான நிகராகுவாவின் சர்வாதிகாரி சொமோசா தயவில் கால்தெரோன் ஆட்கள் எல்லை தாண்டி வந்தார்கள். ராணுவத்தைக் கலைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை! ஃபிகேரஸ் அரசினர் தன்னார்வலர்களைத் திரட்டிக்கொண்டே, அந்த மாதம்தான் அமலுக்கு வந்த ரியோ ஒப்பந்தத்தின் (அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம்) பேரில் அமெரிக்க நாடுகள் அமைப்பிடம் முறையிட்டார்கள். அந்த அமைப்பு தலையிட்டது, படையெடுப்பு அடங்கியது. ராணுவம் இல்லாமல் இருக்க முடியும் என்பதற்கு முதல் சோதனை அதுதான். அதே மாதம் 19-ம் தேதி, லிமோன் ரயில் பாதையில், ஃபிகேரஸ் அரசின் காவலில் இருந்த ஆறு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அரசியல் கைதிகள். சம்மட்டிப் படத்தைப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். பெண்கள் வாக்குரிமைக்காகத்தான் இரண்டு பக்கம் எழுதி வந்தேன், போகட்டும். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1949 நவம்பர் 7-ல் புதிய அரசியல் சட்டம். ராணுவத் தடை அதில் 12-வது பிரிவு. மறுநாள் ஃபிகேரஸ் சொன்னபடி ஆட்சியை உலாத்தேயிடம் கொடுத்தார். பெண்கள் முதன்முதலில் வாக்களித்தது 1950 ஜூலை 30-ல், லா திக்ரா, லா ஃபோர்த்துனா என்ற இரண்டு சிற்றூர்களில். எதற்கு? இந்த ஊர்கள் சான் கார்லோஸ் வட்டாரத்தோடு சேர்வதா வேண்டாமா என்று கேட்க. பெர்னார்தா வாஸ்கேஸ் என்பவர் முதலில் வாக்களித்தார். ஊர்கள் சான் கார்லோஸோடுதான் சேர்ந்தன. மிச்சத்தை இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.