கடைசிக் கட்டத்தில் ஒரு முகம்

வணக்கம் நேயர்களே. பேய் காமிக்ஸ் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள், நீங்களும் சிரிக்கலாம். பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான் சொல்வது நியூயார்க்கின் ஈசி காமிக்ஸ். பைபிள் கதைகளைப் படக்கதையாகப் போட்டுவந்த நிறுவனம் அது. 1947இல் அதன் முதலாளி மேக்ஸ் கெய்ன்ஸ் படகு விபத்தில் இறந்துபோக, பொறுப்பு மகன் பில் கெய்ன்ஸ் தலையில் விழுந்தது. பாவம், அவர் வேதியியல் வாத்தியாராகும் கனவில் இருந்தவர். அடுத்த வருடம் ஓவியரும் எழுத்தாளருமான ஆல் ஃபெல்ட்ஸ்டீன் வந்து சேர்ந்தார். கௌபாய், காதல் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்துவிட்டு, 1950இல் இருவரும் பேயையும் ராக்கெட்டையும் பிடித்துக்கொண்டார்கள். 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்', 'வீர்ட் சயின்ஸ்', 'வீர்ட் ஃபேண்டஸி', எல்லாம் 10 சென்ட்.

உடம்பு இளைக்க கெய்ன்ஸ் சாப்பிட்ட மாத்திரை அவரைத் தூங்க விடாது. விடிய விடியக் கதைகளைப் படித்துக் காலையில் குறிப்போடு வருவார், ஃபெல்ட்ஸ்டீன் அதில் ஒன்றை எடுத்து ஓவிய அட்டையிலேயே நேராக எழுத ஆரம்பித்துவிடுவார். ஆமாம், படத்துக்கு முன்னாலேயே எழுத்து! மிச்ச இடத்தில்தான் வாலி வுட்டும் கிரஹாம் இங்கெல்ஸும் வரைந்தார்கள். படித்த கதைகள் சில சமயம் அப்படியே உள்ளே வந்துவிடும். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே பிராட்பரியின் இரண்டு கதைகளை ஒன்றாக்கிப் போட்டார்கள். அவர் சண்டைக்கு வரவில்லை, பணம் அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று நயமாகக் கடிதம் எழுதினார். பணமும் போனது, அப்புறம் அனுமதியோடே அவர் கதைகள் வந்தன.

எனக்குப் பிடித்தது 1953இல் ஜோ ஆர்லாண்டோ வரைந்த 'ஜட்ஜ்மெண்ட் டே'. இயந்திர மனிதர்கள் மட்டும் வாழும் ஒரு கிரகத்தைச் சோதிக்கப் பூமியிலிருந்து ஒருவர் வருகிறார். அங்கே ஆரஞ்சு நிறத்தாருக்கு ஒரு வாழ்க்கை, நீல நிறத்தாருக்கு ஒரு வாழ்க்கை. உள்ளே இருக்கிற பாகம் ஒன்றுதான், மேல்தகடுதான் வேறு. எங்கள் விண்வெளிக் குடியரசில் சேர இன்னும் நீங்கள் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டு அவர் கிளம்புகிறார். தலைக்கவசத்தை அவர் கழற்றுவது கதையின் கடைசிப் படக்கட்டத்தில்தான். அவர் கறுப்பினத்தவர், முகத்தில் வியர்வைத் துளிகள் மின்னுகின்றன. அவ்வளவுதான் கதை.

இதற்குள் 1954 வந்துவிட்டது. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறதா என்று அமெரிக்க செனட் நடத்திய விசாரணையில், ஏப்ரல் 21 அன்று, கெய்ன்ஸிடம் அவருடைய இதழ் ஒன்றின் அட்டைப்படத்தைக் காட்டினார்கள், ஒருவன் கையில் கோடரி, இன்னொரு கையில் பெண்ணின் வெட்டுண்ட தலை. இது ரசனையானதா என்று கேட்க, திகில் காமிக்ஸுக்கு ரசனையானதுதான் என்றார் மனிதர்! அதோடு விற்பனை விழுந்தது, துறைக்குள் தணிக்கைக் குழு வந்தது, தலைப்பில் 'ஹாரர்' என்ற சொல்லே கூடாது என்றார்கள்.

இப்போது பாருங்கள். 1956இல், வேறொரு கதையைத் தணிக்கை ஏற்காததால் அந்த இடத்தில் 'ஜட்ஜ்மெண்ட் டே'யை மறுபடி போட முயன்றார்கள். தணிக்கைத் தலைவர், முன்னாள் நீதிபதி சார்லஸ் மர்ஃபி, அந்த மனிதர் கறுப்பராக இருக்கக்கூடாது என்றார். ரத்தமில்லை, பிணமில்லை, ஒரு முகம், அதுதான் கூடாதாம். அவர் கறுப்பர் என்பதுதானே ஐயா கதையே! ஃபெல்ட்ஸ்டீனும் அதைத்தான் சொன்னார். சரி, வியர்வையையாவது எடுங்கள் என்று பேரம் பேசினார் மர்ஃபி. வழக்குப் போடுவேன் என்று கெய்ன்ஸ் போனில் கத்தினார். ஒரு துளி கூட மாறாமல் கதை வெளிவந்தது. ஈசியின் கடைசி காமிக்ஸ் இதழ் அதுதான், பத்திரிகையாக மாறிய அவர்களது நையாண்டி இதழ் 'மேட்' மட்டும் பிழைத்தது.

நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். பெர்னார்ட் கிரிக்ஸ்டீனைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன்... 1955இல் அவர் வரைந்த 'மாஸ்டர் ரேஸ்', நாஜி வதைமுகாம் பற்றிய கதை. 6 பக்கம் கொடுத்தார்கள், 12 கேட்டார், 8இல் ஒப்புக்கொண்டு கட்டங்களை வெட்டி ஒட்டிச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்தார். ஓடும் ரயிலின் ஜன்னல் முகங்களை அவர் எப்படி அடுக்கியிருக்கிறார் என்று மட்டுமாவது தேடிப் பாருங்கள். வணக்கம்.