ரோமக் குடிமகன் என்பதற்கு என்ன அத்தாட்சி?

[திரையில்: கம்பியால் கட்டிய இரண்டு வெண்கலத் தகடுகள்]

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தகடுகள். குடிமக்கள் அல்லாதவர்கள் சேரும் ரோமின் துணைப்படையில் 25 ஆண்டு, கப்பற்படையில் 26 ஆண்டு ஊழியம் பார்த்தவருக்குக் குடியுரிமை கிடைத்தது என்பதற்கான பத்திரம் இது. ஆய்வாளர்கள் இதை டிப்ளோமா என்பார்கள். கிடைத்தவற்றில் மிகப் பழையது கி.பி. 52-ஐச் சேர்ந்தது, பேரரசர் கிளாடியஸ் ஆண்ட காலம்.

இதில் ஒரே வாசகம் இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கும். வெளிப்பக்கம் இருப்பதை யாரும் படிக்கலாம். உள்ளே இருப்பது மூடியே கிடக்கும். நடுவில் துளையிட்டுக் கம்பி கோத்து, கம்பியின் மேல் ஏழு சாட்சிகள் முத்திரை வைப்பார்கள். வெளி எழுத்தை யாரோ சுரண்டித் திருத்திவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால், முத்திரையை உடைத்து உள்ளே பார்க்க வேண்டியதுதான்.

[திரையில்: பின்பக்கம், ஏழு பெயர்கள்]

இந்த ஏழு பேரும் ‘இவர் இன்னார்’ என்று சாட்சி சொல்லவில்லை. நகல் அசலோடு ஒத்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறார்கள். அசல் ரோமில் இருந்தது. முதலில் கேப்பிட்டோலியக் குன்றில், ஏறக்குறைய கி.பி. 90 முதல், தெய்வமாக்கப்பட்ட அகஸ்டஸின் கோயிலுக்குப் பின்னால் இருந்த சுவரில். ஆக, கையில் இருக்கும் தகடு அந்தச் சுவரை நோக்கிக் கைகாட்டுகிறது, அவ்வளவே.

இரண்டாம் நூற்றாண்டில் உள்வாசகம் கிறுக்கலாகிவிடுகிறது, சொற்கள் பாதியில் நிற்கின்றன. யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம் போலும்! கி.பி. 140-க்குப் பிறகு இன்னொரு இடி: துணைப்படை வீரர் பணிக்காலத்தில் பெற்ற பிள்ளைகளுக்கு, சில விலக்குகள் தவிர, குடியுரிமை கிடையாது.

சரி, படைக்கே போகாதவர்கள்? கி.பி. 4, கி.பி. 9 ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பிறகு, முறையான திருமணத்தில் பிறந்த குடிமக்கள் பிள்ளைகளை 30 நாளுக்குள் பதியும் ஏற்பாடு வந்தது. பதிவேட்டிலிருந்து மெழுகுப் பலகையில் நகல் எடுத்து, அதற்கும் ஏழு சாட்சிகள். ஆனால் பெற்றோர் சொன்னதை அதிகாரி விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் ஏற்றதாகப் பதிவிலேயே எழுதியும் வைத்தார்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையை அந்தப் பேரேட்டில் சேர்க்க முடியாது. படைவீரருக்குச் சட்டப்படி மனைவியே கிடையாது என்பதால் அவர்கள் பிள்ளைகளும் இதில் சிக்கினார்கள். தனியாக ஏழு சாட்சிகள் முன்னிலையில் ஓர் அறிக்கை எழுதி வைத்துக்கொள்வதுதான் அவர்களுக்கு இருந்த வழி.

[திரையில்: கி.மு. 62, ரோம் நீதிமன்றம்]

பதிவேடே போய்விட்டால்? கவிஞர் ஆர்க்கியாஸின் வழக்கு அதுதான். கி.மு. 89-இன் சட்டப்படி, ரோமின் நேச நகரம் ஒன்றின் குடிமக்கள் பட்டியலில் பெயரும் இத்தாலியில் வீடும் இருந்து, 60 நாளுக்குள் ரோமில் பிரீட்டர் எனும் நீதி அதிகாரியிடம் பதிந்தால் குடியுரிமை. அவர் பெயர் இருந்த ஹெராக்லியா நகரத்து ஆவணச்சாலை போரில் எரிந்துபோயிற்று. சென்சஸ், அதாவது குடிமக்கள் கணக்கெடுப்பு, பட்டியலிலும் பெயர் இல்லை என்றது எதிர்த்தரப்பு.

ஆர்க்கியாஸுக்காக வாதாடியவர் பேச்சாளர் சிசரோ. ஹெராக்லியாவிலிருந்து ஆட்களையே கூட்டி வந்து சாட்சி சொல்ல வைத்தார். பிறகு பிரீட்டர்களின் ஏடுகளைத் தரம்பிரித்தார்: அப்பியஸின் ஏடு அசட்டையாகக் கிடந்தது என்று பேச்சு, ஆர்க்கியாஸ் பதிந்த மெட்டெல்லஸின் ஏட்டிலோ ஒரே ஒரு பெயர் அழிந்திருந்ததற்கே அந்த மனிதர் பதறிப்போனாராம். சென்சஸ் நடந்தபோது ஆர்க்கியாஸ் தளபதி லுகுல்லஸோடு வெளியூரில் இருந்தார். அதைவிட முக்கியம், சென்சஸில் பெயர் இருப்பது குடியுரிமைக்கே ஆதாரமல்ல, அப்போது அவர் குடிமகனாக நடந்துகொண்டார் என்பதற்கு மட்டுமே ஆதாரம் என்றார் சிசரோ. அடி மடியிலேயே கைவைத்த வாதம்!

பயணத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் கைக்கு எட்டாது. எருசலேமில் பவுலைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது அவர் தாம் ரோமர் என்றார். சேனாபதி வாய்வார்த்தையாகக் கேட்டு உறுதி செய்துகொண்டு நிறுத்திவிட்டார். பத்திரம் கேட்டதாக விவிலியத்தில் இல்லை. பொய் சொல்லித் தப்புவதும் லேசல்ல: பொய்யாகக் குடியுரிமை கோரியவர்களை கிளாடியஸ் ரோமின் எஸ்க்விலின் திடலில் வெட்டிக் கொன்றார் என்கிறார் வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ்.

ஆனால் எதிரே இருப்பவர் காது கொடுத்தால்தானே? கி.மு. 73 முதல் 71 வரை சிசிலியை ஆண்டவன் வெர்ரெஸ். மெஸ்ஸானாவில் காவியஸ் என்பவர் தாம் ரோமக் குடிமகன் என்று கதறினார். பனோர்மஸில் (இன்றைய பலெர்மோ) வணிகம் செய்யும் லூசியஸ் ரேசியஸுக்குத் தம்மைத் தெரியும் என்று பெயரும் சொன்னார். அந்த ஆளை அழைத்துவரும்வரை காவியஸைக் காவலில் வைத்தாலே போதுமாயிருந்தது. வெர்ரெஸ் அதைச் செய்யவில்லை. இத்தாலிக் கரை தெரியும் இடமாகப் பார்த்து அவரைச் சிலுவையில் அறையச் சொன்னான்.